வரப்பில் நின்றவள்

என் வகுப்பறை வாசலில் பன்னிரண்டு ஜோடி ரப்பர் செருப்புகள் கிடக்கும். உள்ளே பன்னிரண்டு பெண்கள் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த அறைக்குள் ஷூவோடு நுழைகிற ஒரே ஆள் நான்தான். ஆசிரியர்கள் மூடிய ஷூ அணிய வேண்டும் என்பது எங்கள் பயிற்சி மையத்தின் விதி. வியட்நாமில் வீட்டுக்குள் யாரும் செருப்போடு வருவதில்லை, நம் ஊரைப் போலத்தான். ஒவ்வொரு நாளும் வாசலில் ஒரு விநாடி தயங்கி, மனசைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளே போவேன். மூன்று வருடமாகியும் அந்த ஒரு விநாடி பழகவில்லை. லான் என்று ஒரு மாணவி, ஐம்பத்தெட்டு வயது, என் ஷூவைப் பார்த்துச் சிரித்துவிட்டு "கோ" என்று கூப்பிடுவார். ஆசிரியையை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்; அத்தை என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. என் அம்மாவைவிட மூத்தவர் என்னை அத்தை என்கிறார். முப்பத்திரண்டு வயதில் இப்படியொரு பதவி உயர்வு யாருக்குக் கிடைக்கும்?

இந்தக் கடற்கரை ஊரில் உப்புதான் பிழைப்பு. வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வானத்தை வாங்கிக்கொண்டு கிடக்கும். மத்தியான வெயிலில் எது தண்ணீர், எது மேகம் என்று தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் பாடம் மறந்துபோகும். என் மாணவிகள் விடியற்காலையில் இந்தப் பாத்திகளில் வேலை செய்கிறவர்கள். அவர்களைப் படம் எடுக்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். வருகிறவர்களுக்கு வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டு, காலையில் முட்டை பொரித்துக் கொடுத்து, நாலு வார்த்தை பேசவேண்டும் என்பதற்காகத்தான் ஆங்கிலம் படிக்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போயிருந்தால், மரக்காணத்தைத் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியாக வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குனிந்து நிற்கிற பெண்களில் ஒருத்தி என் அம்மா. பள்ளிக்கூடம் விட்டு நான் நேராக உப்பளத்துக்குப் போவேன். அம்மா உப்பு வாரி முடிக்கும்வரை வரப்பில் நிற்கவேண்டும். நிற்கலாம், உட்காரலாம், படிக்கலாம். பாத்தியில் மட்டும் இறங்கக்கூடாது. "அங்கியே நில்லு. உப்புல கால வெச்சே, காலு இருக்காது பாத்துக்கோ" என்று தூரத்திலிருந்தே சத்தம் போடும். எங்கள் தெருவில் முதன்முதலில் கறுப்பு ஷூவும் வெள்ளை சாக்ஸும் போட்டவள் நான்தான். திண்டிவனத்தில் அதை வாங்கி மாட்டிவிட்டபோது அம்மாவின் உள்ளங்கால் வெடிப்புகளில் உப்பு வெள்ளையாக நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் காலுக்கு ஒரு நாளும் ஷூ வாங்கவில்லை. உப்பள வேலை முழுக்க எனக்குக் கண்ணால் தெரியும். காலால் தெரியாது.

அந்த ஷூ என்னைத் திண்டிவனத்தில் பி.ஏ., எம்.ஏ. ஆங்கிலத்துக்கும், பிறகு கூனிமேடு பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி வேலைக்கும் கொண்டுபோனது. அங்கிருந்துதான் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான டெஃபல் சான்றிதழை ஆன்லைனில் படித்தேன். தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும் என்று வந்த பதில்களை எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். கடைசியில் வியட்நாமிலிருந்து ஒரு மழலையர் பள்ளி கூப்பிட்டது. தலையில் முயல் காது மாட்டிக்கொண்டு ஒரு வருடம் ஆடிப் பாடினேன். எம்.ஏ. முடித்தவள் முயலாக நின்றதை வீட்டில் சொல்லவில்லை. இந்தப் பயிற்சி மையத்துக்கு வந்தபிறகு ஊரைப் பற்றியும் உண்மை சொல்லவில்லை. எங்கள் மேலாளர் டேனியல் ஆஸ்திரேலியாக்காரர், நல்ல மனிதர். முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டார். பாண்டிச்சேரி பக்கம் என்றேன். "ஆ, பிரெஞ்சு ஊர்! வீட்டில் பிரெஞ்சு பேசுவீர்களா?" என்றார். கொஞ்சம் என்று சொல்லிவைத்தேன். அது அப்படியே பரவி, மாணவிகள் என்னைப் பணக்காரவீட்டுப் பெண் என்று நினைத்துவிட்டார்கள். நானும் திருத்தவில்லை. ஏற்கெனவே தோல் நிறத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள், இதில் உப்பையும் சேர்க்கவேண்டுமா என்றிருந்தது.

போன ஏப்ரலில் என் வகுப்பைப் பார்வையிட டேனியல் வருவதாக முடிவானது. அந்த ஒரு மணி நேரம் நன்றாகப் போனால் சீனியர் டீச்சர் பதவி, இரண்டு வருட ஒப்பந்தம், அதோடு விசா கவலையும் தீர்ந்தது. மாணவிகளுக்கும் விஷயம் தெரியும். அன்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். பாடம், காலை உணவு. "முட்டையை எப்படிச் சாப்பிடுவீர்கள்?" என்று நான் கேட்க, அவர்கள் ஒருவரையொருவர் கேட்க, டேனியல் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கனவு மாதிரி போனது.

அப்போது காற்று நின்றது. ஜன்னல் திரை அசையவில்லை. கடல் பக்கம் வானம் இருண்டு இறங்கிக்கொண்டிருந்தது. பாத்திகளில் விளைந்த உப்பு வாராமல் அப்படியே கிடந்தது; மழை விழுந்தால் கரைந்துவிடும். நான் அவர்களைப் பார்த்தேன். பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அதிலிருந்துதான் புரிந்தது, அவர்கள் எனக்கு முன்னாலேயே மழையைப் பார்த்துவிட்டார்கள். எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ ஒருத்தி குரல் நடுங்க, "வேகவைத்த முட்டை, ப்ளீஸ்" என்றாள்.

வகுப்பு முடிந்தது, போங்கள் என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. லான் மட்டும் தலையை ஆட்டினார். "நோ, கோ. சால்ட் டுமாரோ. டீச்சர் பேப்பர் டுடே" என்று டேனியல் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினார்.

"என் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறார்" என்று மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னேன். லான் முகம் மலர்ந்தது. "யுவர் மதர் ஹேவ் சால்ட்! வெரி ரிச்!" என்றார். டேனியல் நிமிர்ந்து பார்த்தார். இதற்குமேல் எந்த மொழியில் சொல்வது? குனிந்தேன். உப்பு வாரும் பலகையின் நீளமான பிடியை இரண்டு கையாலும் பிடித்த மாதிரி, ஒரு காலைப் பின்னால் வைத்து, இடுப்பால் இழுத்து உப்பைக் குவிப்பதைச் செய்து காட்டினேன். பதினைந்து வருடம் வரப்பில் நின்று பார்த்தது, கொஞ்சம்கூடத் தவறாமல் என் உடம்பிலிருந்து வந்தது. லான் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. எழுந்து வாசலுக்கு ஓடினார். மற்றவர்களும் ஓடினார்கள். நானும் ஷூவைக் கழற்றி வீசிவிட்டு ஓடினேன்.

அப்படித்தான், அம்மா முப்பத்திரண்டு வருடம் என்னை இறங்கவிடாமல் காத்த உப்பில் நான் முதல்முறையாகக் கால் வைத்தேன். கண்ணாடித் தூளை மிதித்த மாதிரி இருந்தது. இங்கே தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டுத் தூக்குகிறார்கள். எனக்கு அது இரண்டு அடிகூட வரவில்லை. துப்பட்டாவைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, கூடையை அதன்மேல் ஏற்றச் சொன்னேன். அந்த ஊரில் யாரும் தலையில் சுமப்பதில்லை. ஓடுகிற அவசரத்திலும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெள்ளைத் தரை, கறுத்த வானம், நடுவில் கூம்புத் தொப்பிகள் மிதந்து போயின. நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் எனக்கே தெரியவில்லை. பாதி உப்பு கரையேறியது. பாதி மழையில் போனது. டேனியல் ஃபைலைத் தலைமேல் பிடித்துக்கொண்டு, ஷூவோடு, வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவர் நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

விதி விதிதான். பாடம் பாதியில் நின்றது என்று எழுதவேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார் டேனியல். சீனியர் பதவி வேறொருவருக்குப் போனது. எனக்கு ஆறு மாத நீட்டிப்பு, அதன் முடிவில் மறுபடியும் வகுப்பைப் பார்வையிடுவார்கள். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த மழை நாள் சாயங்காலம் வீடியோவில் அம்மா வந்தது. எதையும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நான் தண்ணீர் எடுக்க எழுந்து நொண்டியதை அம்மா பார்த்துவிட்டது.

"இன்னாடி நடை அது? கால காட்டு."

"ஒண்ணுமில்லமா, சுளுக்கு."

"காட்டுடின்றேன்."

காட்டினேன். அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனது. உலகத்தில் வேறு யாரை ஏமாற்றினாலும் உப்பு அறுத்த காலைக் காட்டி என் அம்மாவை ஏமாற்ற முடியாது. திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"எத்தினி கூட உப்பு?" என்று கேட்டது.

"பதினொண்ணு."

"தலையிலியா?"

"ஆமாமா. சும்மாடு வெச்சி."

"தேங்கா எண்ண தடவு. ரெண்டு நாளு தண்ணி படாம பாத்துக்கோ" என்றது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்காடி உன்ன அவ்ளோ தூரம் அனுப்பிச்சேன்" என்றது.

ஜூனில் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மாவைக் கூப்பிட உப்பளத்துக்குப் போனேன். பழக்க தோஷம், வரப்பில் ஏறியதும் நின்றுவிட்டேன். பிறகு ஷூவைக் கழற்றினேன். வரப்பு மண் காலுக்குச் சூடாக இருந்தது. என் உள்ளங்காலில் இப்போது தோல் தடித்திருக்கிறது. லானோடு அதற்குப் பிறகும் பலமுறை இறங்கியிருக்கிறேன். அம்மா பலகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தது. முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தது.

"அங்கியே நில்லு" என்றது. குரலில் பழைய சத்தம் இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "ஷூவ போடு கண்ணு."

குனிந்து ஒரு காலில் மாட்டினேன். மற்ற ஷூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அம்மா குவியலை முடிக்கும்வரை அப்படியே நின்றேன்.