இறங்க மறுத்தவர்

நெய்வேலியில் எனக்கு டயாலிசிஸ் நடக்கும் இடத்தில், பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவர் வருவார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். ஒல்லி உடம்பு, அடர்ந்த மீசை. ஊசி குத்துமுன் மீசையைச் சீவிக்கொள்வார்.

ஒருநாள் அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. இனி வரவேண்டாம் என்றார் மேனேஜர். அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

"டெஸ்ட் எடுத்துதான சேத்தீங்க? அப்ப இல்லீங்களே. இங்கதான் ஒட்டிக்கிச்சு. மொதல்ல எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்க. அதுவரைக்கும் எறங்க மாட்டேன்."

எல்லோருக்கும் எடுத்தார்கள். எனக்கும் இருந்தது.

"நீங்க ஏன் தலைய குனிஞ்சிகினு இருக்கீங்க? குனிய வேண்டியது அவங்க" என்றார்.

அன்றே தெரிந்துவிட்டதால் இன்று மாத்திரையோடு நன்றாகவே இருக்கிறேன். தன் தலையில் இடி விழுந்த நேரத்தில் அடுத்த கட்டில்காரனை நினைக்க அவருக்கு எப்படித் தோன்றியதோ, இன்னும் எனக்குப் புரியவில்லை.