காப்பார் பக்கம் திருப்பினேன்

அப்பா கிள்ளானில் முப்பது வருடம் லோரி ஓட்டியவர். நான் கார் ஓட்டினால், சிக்னல் போடுவதிலிருந்து பிரேக் பிடிப்பது வரை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து திட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று கோலாலம்பூர் மருத்துவமனையில், அவருடைய குடல் புற்றுநோய்க்கு ஆப்பரேஷன் செய்யலாம், இல்லையென்றால் வலிக்கு மட்டும் மருந்து எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்றார் டாக்டர். நான் எங்கே படிக்க வேண்டும், யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் என்னைக் கேட்காமலே முடிவு செய்த அப்பா, என் முகத்தைப் பார்த்தார்.

“நீ சொல்லு லா. நீ சொல்றதுதான்.”

வெளியே வந்து சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். “நீதானே பக்கத்துல இருக்க, பாத்து செய்” என்றார். உள்ளே போய், ஆப்பரேஷன் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும் வழியெல்லாம் அப்பா வாய் திறக்கவில்லை. கிள்ளான் வந்ததும், வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சிக்னலில் வேண்டுமென்றே வேறு வழியில், காப்பார் பக்கம் திருப்பினேன். “கண்ணு தெரியலயா உனக்கு” என்று ஒரு வார்த்தை வரும் எனக் காத்திருந்தேன். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள் தொடங்கும்வரை ஓட்டினேன்.

அப்பா சீட் பெல்ட்டைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவே இல்லை.