கண்டியில் நிற்க வேண்டிய இடங்கள்

என் மேசையில் ஒரு பழைய சீ.ஆர். கொப்பி கிடக்கிறது. உப்புக் காற்றில் ஊறி அதன் மட்டை ஓரங்களில் பிரிந்துவிட்டது. நடுப்பக்கத்தில் சிவப்புப் பேனையால் மேலிருந்து கீழே ஒரு கோடு. கோட்டின் இடப்பக்கத்தில் கண்டியில் பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன: பேராதனைப் பூங்கா, தலதா மாளிகை, குளம், நகரச் சந்தை, ரயில் நிலையம், மலைமேல் இருக்கும் வெள்ளைப் புத்தர் சிலை. கடைசி வரியில் ‘வீடு’ என்று இருக்கிறது. வலப்பக்கத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே ஒரு சிறு குறிப்பு. வீட்டுக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதப்படவில்லை. இந்தக் கொப்பியை எனக்குத் தந்துவிட்டுப் போனவர் எங்கள் பாடசாலையில் புவியியல் படிப்பித்த டீச்சர். நான் அங்கே கணிதம் படிப்பிக்கச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஓய்வு பெற்ற நாள்வரை, ஆசிரியர் அறையில் எங்கள் கதிரைகள் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடந்தன.

ஒவ்வொரு வருடமும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போவது அவருடைய பொறுப்பு. எங்கள் கண்டக்குழி ஊர்ப் பிள்ளைகள் மலையைப் புத்தகத்தில் மட்டும் கண்டவர்கள். மேற்கே கடல், கிழக்கே களப்பு, இடையில் தென்னையும் மணலும் என்று வளர்ந்தவர்கள். விடியற்காலையில் புறப்பட்டால், குருநாகல் தாண்டிப் பாதை வளைந்து ஏறத் தொடங்கும்போது பாதிப் பிள்ளைகள் யன்னலால் தலையை நீட்டி வாந்தியெடுப்பார்கள், மீதிப் பேர் கத்திச் சிரிப்பார்கள். டீச்சர் இரண்டு கூட்டத்தையும் கண்டுகொள்ளாமல் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் இருப்பார். பஸ் ஓர் இடத்தில் நின்றதும் அந்த இடத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லமாட்டார். முதலில் எல்லோரையும் ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய், “இங்க தொலைஞ்சா எங்க நிக்கிற?” என்று கேட்பார். “இந்த இடத்தில, டீச்சர்” என்று பிள்ளைகள் மூன்று தடவை உரத்துச் சொல்லவேண்டும். அதன் பிறகுதான் அரசர்களும் மரங்களும்.

கோட்டின் வலப்பக்கத்தில் இருப்பவை இப்படித் தேர்ந்த இடங்கள்தான். பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, ‘டிக்கட் கொடுக்கும் இடம். மரத்தடி வேண்டாம், எங்கட பிள்ளைகளுக்கு எல்லா மரமும் ஒன்றுதான்’ என்று எழுதியிருக்கிறார். தலதா மாளிகைக்கு, ‘செருப்பு வைக்கும் இடம். செருப்பு இல்லாமல் யாரும் தூரம் போகமாட்டார்கள்.’ சந்தைக்கு, ‘கீழே பழக்கடைகள். மேல்மாடிக்கு ஏறக்கூடாது.’ புத்தர் சிலைக்கு, ‘பஸ் நின்ற இடம். கீழே ஊர் தெரிகிறதே என்று இறங்கக்கூடாது.’ குளத்துக்கு எதிரே இருப்பது மிகச் சிறியது: ‘வட்டம். நடக்காதே.’

அந்தக் காலத்தில் எனக்கு இதெல்லாம் பெரிய பகிடியாக இருந்தது. ஒருமுறை ஒரு பையன் சுற்றுலாக் கட்டுரையில், கண்டியில் தனக்குப் பிடித்த இடம் டிக்கட் கொடுக்கும் இடம் என்று எழுதிவிட்டான். அதை ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தவள் நான்தான். நாங்கள் கண்டியைப் பார்க்கப் போகிறோமா, கண்டியில் காணாமல் போகப் போகிறோமா என்று அவர் முகத்துக்கு நேரேயே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “பாக்கிறது பிள்ளைகள்ட வேலை. காணாமப் போறதும் பிள்ளைகள்ட வேலைதான். எங்கட வேலை வேற, டீச்சர்” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

அவர் மன்னாரிலிருந்து வந்தவர். தொண்ணூறாம் ஆண்டுப் போரில் அங்கிருந்து முஸ்லிம்களெல்லாம் வெளியேற்றப்பட்டபோது வள்ளத்தில் புத்தளத்து எங்கள் கரைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஒரேயொரு தடவை, கண்டியிலிருந்து இறங்கும் பஸ்ஸில், பிள்ளைகள் களைத்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கிடந்த ஒரு பின்னேரத்தில், நான் கேட்காமலே சொன்னார். ஏறும் அவசரத்தில் அவருடைய கடைசித் தம்பியை யாரோ வேறொரு வள்ளத்தில் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். ஆறு வயதுப் பிள்ளை. இரண்டு வள்ளங்களும் கரையின் வெவ்வேறு இடங்களில் ஒதுங்கின. “உம்மா அவனைத் தேடிக் கரையால நடந்தா. அவனும் உம்மாவத் தேடிக் கரையால நடந்தான். ரெண்டு பேரும் நடந்தா எப்பிடிச் சந்திக்கிற? அஞ்சு நாள்.” ஐந்தாம் நாள் ஒரு பள்ளிவாசல் முற்றத்தில் காய்ச்சலோடு கிடந்த பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள். அவன் பிழைத்துவிட்டான், உம்மாவின் கால்தான் பிறகு சரிவரவில்லை என்றார்.  மறுநாள் பாடசாலையில் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதையைத் திரும்ப எடுக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் அவர் மன்னாருக்கே திரும்பிப் போனார். போகும்போது கொப்பியை என் கதிரையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பிறகு எனக்குக் கற்பிட்டி நகரத்துப் பாடசாலைக்கு இடமாற்றம் வந்தது. கொப்பி அலுமாரிக்குள் போயிற்று.

இந்த வருடம் பாடசாலை விடுமுறையில் என் கணவரும் நானும் பதினொரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனோம். போகுமுன் கொப்பியை எடுத்துத் தூசி தட்டினேன். பார்க்க வேண்டிய இடங்களை ஒரு கடதாசியில் வரிசையாக எழுதிக்கொண்டேன். இடப்பக்கத்தை மட்டும்தான் எழுதினேன். ஒரே ஒரு பிள்ளை, இரண்டு பெரியவர்கள், கையில் இரண்டு போன்கள். வலப்பக்கம் எதற்கு என்று நினைத்தேன். 

வேனில் போகும்போது, தொலைந்தால் என்ன செய்வாய் என்று மகளிடம் கேட்கத்தான் செய்தேன். “தண்ணிய வலக்கைப் பக்கம் வெச்சு நடப்பன்” என்றாள். எங்கள் கரையில் நடக்கத் தொடங்கும் பிள்ளைக்கெல்லாம் சொல்வது அதுதான். எவ்வளவு தூரம் வடக்கே அலைந்திருந்தாலும் கடலை வலக்கைப் பக்கம் வைத்து நடந்தால் வீடு வரும். என் வாப்பா எனக்குச் சொன்னார், நான் அவளுக்குச் சொன்னேன். கெட்டிக்காரி என்று அவள் தலையைத் தடவினேன். கண்டிக்கு அது பொருந்துமா என்று கணித டீச்சரான எனக்குத் தோன்றவில்லை.

பூங்காவையும் சந்தையையும் பார்த்து முடித்துக் குளக்கரைக்கு வந்தபோது பின்னேரமாகிவிட்டது. கணவர் அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனார். மகள் அலை அலையாகக் கட்டிய வெள்ளை மதிலருகே நின்று மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பாடசாலையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது, தவணைப் புள்ளிகள் பற்றி. பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மரங்கள் தள்ளிப் போய் நின்று பேசினேன். நான்கு நிமிடம் இருக்கலாம். திரும்பி வந்தபோது மதிலின்மேல் பொரிப்பை மட்டும் இருந்தது.

கணவரை அழைத்தேன். அவர் பொலிஸுக்குச் சொல்லிவிட்டுச் சந்தைப் பக்கமும் பஸ் நிலையமும் தேட ஓடினார். நான் குளத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். எந்தப் பக்கமாக நடப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. கால்கள் தாமாகவே தண்ணீரை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டன. எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டாலும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்துத் திசை சொல்லிவிடலாம். இங்கே காற்றே இல்லை. எல்லாப் பக்கமும் மலை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மரம். எதிரே வந்தவர்களிடமெல்லாம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நீலச் சட்டை போட்ட பிள்ளை என்று கேட்டேன். சிலர் இல்லையென்று தலையை ஆட்டினார்கள், சிலர் அவள் போன பக்கத்தைக் கையால் காட்டினார்கள். காட்டிய பக்கமெல்லாம் எனக்கு முன்னால்தான் இருந்தது. இன்னும் வேகமாக நடந்தேன். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் என் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். தண்ணீரைப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

மூன்றாவது தடவை அந்த மதிலருகே வந்தபோது, அங்கே கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த வயதானவர் வண்டியை விட்டு எழும்பி வந்து என் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் முழுதாக விளங்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுத்தது. நீலச் சட்டைப் பிள்ளை இந்த இடத்தால் இரண்டு தடவை போய்விட்டது, அதற்குப் பின்னால் நீங்களும் இரண்டு தடவை போய்விட்டீர்கள். முதல் தடவை எனக்கு விளங்கவில்லை, இரண்டாம் தடவை உங்களைக் கூப்பிட்டேன், உங்களுக்குக் கேட்கவில்லை. இனி நடக்காமல் இருங்கள், நோனா. அவ்வளவுதான் அவர் சொன்னது. தன்னுடைய சிறிய வாங்கைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தேன். அந்த இருபது நிமிடம் என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை. எழும்பாமல் இருக்க வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மரங்களுக்கிடையால் நீலச் சட்டை வந்தது. அழவில்லை, ஓடவில்லை. வலது கையை மதிலின்மேல் தடவிக்கொண்டு, மிகவும் களைத்து, பாடம் செய்கிற பிள்ளைபோல் ஒழுங்காக நடந்து வந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

“நீங்க சொன்ன மாதிரித்தான் நடந்தன் உம்மா. ஊர் வரவே இல்ல.”

அந்தச் சொல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து வாரங்களாகியும் அவள் குளியலறையில் சற்று நேரம் எடுத்தால் கதவைத் தட்டுகிறேன். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பாடசாலைக்கு ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன். இந்த நிலையில்தான் போன கிழமை பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தாள். ஆறாம் வகுப்பின் கல்விச் சுற்றுலா. கண்டி. பெற்றோரின் கையொப்பம் வேண்டும். போகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேண்டுமானால் நானும் வேன் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் வருகிறேன் என்றேன். அவள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். “இன்னும் ஒரு சுத்து அவளுக்குப் பின்னால நடக்கப் போறியா?” என்று கணவர்தான் கேட்டார்.

அன்றைக்கு டீச்சருக்கு அழைத்தேன். குரல் மெலிந்திருந்தது. மகள் கண்டிக் குளத்தடியில் காணாமல் போனாள், கிடைத்துவிட்டாள் என்று நான் சொல்லத் தொடங்கியதும் அவர் என்னை நிறுத்தினார். எப்படி, எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை.

“எங்க நிண்டனீங்க?” என்றார்.

நான் நிற்கவில்லை, நடந்தேன் என்று சொன்னேன்.  “ஓம். உம்மாமார் நடக்கத்தான் பாப்பாங்க” என்றார். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை, அதனாலேயே எனக்கு அழுகை வந்தது. கொப்பியின் கடைசி வரியைப் பற்றி அப்போதுதான் கேட்டேன். வீடு என்று எழுதிவிட்டு ஏன் எதிரே ஒன்றும் எழுதவில்லை?

“அந்த நேரம் அதுக்கு என்ன எழுதுறதெண்டு எனக்குத் தெரியல்ல பிள்ள. மன்னாரெண்டு எழுதுறதா, புத்தளமெண்டு எழுதுறதா? நீங்க ஊரில இரிக்கிற ஆள். நீங்க எழுதுங்க.”

இன்று பின்னேரம் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு மகளுக்காக ஒரு கடதாசியில் எழுத உட்கார்ந்தேன். வெளியே காற்று வழக்கம்போல் கடல் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. இம்முறை இரண்டு பக்கமும் எழுதினேன். டிக்கட் கொடுக்கும் இடம். செருப்பு வைக்கும் இடம். பழக்கடைகள். குளம் வந்ததும் என் கை நின்றது. ‘வட்டம். நடக்காதே’ என்று டீச்சர் எழுதியதை அப்படியே எழுதி, கீழே ‘கச்சான் வண்டி’ என்று சேர்த்தேன். மகள் பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொன்றாக வாசித்தாள். ‘வீடு’ என்ற கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“நான் இந்த இடத்திலயெல்லாம் நிப்பன். நீங்க எங்க நிப்பீங்க உம்மா?”

கடிதத்தை இழுத்துக் கையொப்பமிட்டேன்.  பிறகு டீச்சரின் கொப்பியையே எடுத்து, ‘வீடு’ என்பதற்கு எதிரே இத்தனை வருடம் வெறுமையாகக் கிடந்த இடத்தில் எழுதினேன்: பாடசாலை கேற், உட்பக்கத்து வேப்பமரம். பஸ் வரும்வரை உம்மா அங்கே நிற்பாள். நடக்கமாட்டாள்.