புற்று மண் கேட்டு வந்தவர்

எழுபதுகளின் கடைசியில், ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி ஊரில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் பவர்லூமில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒருநாள் இரும்புத் துண்டு விழுந்து அவர் பாதம் கிழிந்துவிட்டது. பெனிசிலின் ஊசி போட்டும் புண் ஆறவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாகாத்தம்மன் புற்று இருக்கிறது. எந்தப் புண்ணுக்கும் அந்த மண்ணைக் குழைத்துப் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் அம்மனை வேண்டிக்கொண்டு பூசிவந்தேன். கால் வீங்கி நாற்றமெடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று அவர் வர மறுத்தார்.

அப்போதுதான் மெட்ராசிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். புது மருந்து கண்டுபிடிக்க ஊர் ஊராக மண் எடுக்கிறாராம். புற்று மண் வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமி மண்ணு சார் அது. கடப்பாரை போட வுடமாட்டேன்."

"ஒரு ஸ்பூன் போதும்மா" என்று செருப்பைக் கழற்றினார்.

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "புத்துக்கு எதுக்கு சார் போறே? என் கால்ல கூடை மண்ணு கீது, வழிச்சிக்கினு போ!"

சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவர், காலைக் கண்டதும் முகம் மாறி, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இது பெனிசிலினுக்கு அடங்காத கிருமியா இருக்கும். இதுக்குத்தான் நாங்க புதுசு தேடுறோம்." என் பக்கம் திரும்பினார். "மருந்து கொடுக்குற கிருமியும் இந்த மண்ணுல இருக்கும்மா, ஆளைக் கொல்றதும் இருக்கும். பிரிச்செடுக்காம பூசலாமா?"

"காலு போய்ட்டா தறியாண்ட எப்படி சார் நிக்கிறது?" என்றார் வீட்டுக்காரர்.

"நிக்கணும்னா இப்பவே ஏறுங்க."

வந்தவரின் ஜீப்பிலேயே திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீழைப் பரிசோதித்தார்கள். பழைய மருந்து எதற்கும் அந்தக் கிருமி சாகவில்லை. புதிதாக வந்திருந்த ஓர் ஊசிக்கு மட்டும் செத்தது. அந்த ஊசி திருப்பதியில் இல்லை. அந்த மனிதரே மெட்ராஸ் போய் வாங்கி, ரேணிகுண்டாவில் ரயில் இறங்கி வந்து கொடுத்தார். அதுவும் எங்கேயோ ஓர் ஊர் மண்ணில் கிடைத்த மருந்துதானாம். சுண்டுவிரல் மட்டும் போனது. கால் நின்றது.

பதற்றத்தில் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கடைசியில் அவர் எடுத்துப்போன எங்கள் புற்று மண்ணில் அவருக்கு ஏதாவது கிடைத்ததா, அதுவும் தெரியாது. மறு வருஷம் என் வீட்டுக்காரர் திருமலைக்குப் படியேறியே வந்தார். அந்த ஊசி மருந்து கிடைத்தது எந்த ஊர் மண்ணோ, அதில் பொறுமையாகத் தேடிய கைகள் யாருடையவோ, ஏழுமலையானிடம் அவர்களுக்காகவும் கும்பிடாமல் இன்றுவரை நான் கோயிலை விட்டு வெளியே வந்ததில்லை.