கல்லக்காவின் பரல்

கைக்கல்லை நாக்கு நுனியால் நனைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார் கல்லக்கா. ஈரம் பட்டால்தான் கல்லின் நிறம் எழும். "உள்ளூர்ப் பிள்ளைடா நீ" என்று அதைக் கொஞ்சவும் செய்கிறார். வீட்டில் இப்படி நக்கினால் வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். "உப்பு சரியா இருக்கா?" என்பார். ஒருமுறை வங்கியின் கிரானைட் சுவரை எச்சில் விரலால் தேய்த்துப் பார்த்ததற்குக் காவலாளி வெளியே அனுப்பிய கதையும் உண்டு.

பூமிக்கடியில் வெந்து, நசுங்கி, உருமாறிய பாறைகள்தான் அவருடைய ஆராய்ச்சி. அவற்றில் மோனசைட் என்ற கனிமத்தின் பொடிப் பரல்கள். பரலுக்குள் அருமண் தனிமங்கள். காந்தம் செய்ய உலகமே அவற்றைத் தேடி அலைகிறது. அக்காவுக்கோ அவை எங்கிருந்து வந்தன என்பதுதான் கவலை. பாறை வேகும்போது அதன் பழைய கனிமங்களே சிதைந்து அருமண்ணைத் தந்தன, எல்லாம் உள்ளூர்ச் சரக்கு என்பது அவர் கட்சி. பாறை ஆறிய பிறகு கீழிருந்து ஏறிய வெந்நீர் கொண்டுவந்தது என்பது எதிர்க்கட்சி. தலை நரைக்கும்வரை இந்த மல்லுக்கட்டு ஓயவில்லை.

இந்தக் கல் கிடைத்த மலையை வெடிவைத்து எடுத்தாயிற்று. மிஞ்சியது இந்தக் கைக்கல்லும் நுண்ணோக்கியில் பார்க்க அதில் மெல்லிசாகச் சீவிய ஒரு சில்லும். சில்லில் ஒரே ஒரு பரலுக்குத்தான் சோதிக்கத் தோதான விளிம்பு. அதுவும் தலைமுடியைவிட மெல்லியது. லேசரால் சுட்டால்தான் விளிம்பின் வயதும், எந்தக் கட்சி சரி என்பதும் தெரியும். சுட்ட இடம் குழியாகிவிடும்.

"இன்னும் ஒரு தடவ பாத்துக்கறேனே" என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தார். நுண்ணோக்கியின் தட்டைச் சுழற்றுவார். சில்லில் நீலம் மஞ்சளாகும், மஞ்சள் இருளும், மறுபடி விடியும். பரலைச் சுற்றி மைக்காவில் அதன் கதிர்வீச்சு பட்ட கறுப்பு வளையம் மிதக்கும். வெந்துகொண்டிருக்கும் மலைக்குள் தானும் மெல்ல வளர்வதுபோல் இருக்கும் அக்காவுக்கு. சாப்பாட்டு நேரம் தாண்டிப் போகும்.

"பாத்துக்கிட்டே இருந்தா அதுவா வயசச் சொல்லிடுமாக்கா?" என்று இன்று கேட்டார் லேசரை இயக்குபவர்.

அக்கா விளிம்பில் குறிவைத்துத் தானே பொத்தானை அழுத்தினார்.

திரையில் எண் வந்தது. பாறை வெந்து, ஆறி, வெகுகாலம் கழித்து வளர்ந்த விளிம்பு. எதிர்க்கட்சி சொன்ன வெந்நீரின் வேலை.

"மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்க்கா" என்று இழுத்தார் இயக்குபவர்.

"அது என்ன பண்ணும், பாவம். விடு."

மனசு வலிக்கத்தான் செய்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நுண்ணோக்கியில் குனிந்து, பரலில் விழுந்த குழியை நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப எந்த ஊருடா நீ?" என்று கேட்டபடி கைக்கல்லை எடுத்து, மறுபடி நாக்கு நுனியால் நனைத்தார்.