"நல்லாயிருக்கேனுங்க" என்ற சாட்சியம்

"தற்போது நான் நலமாக இருக்கிறேன். எனக்கு எந்தக் குறையும் இல்லை." அந்த வாக்குமூலத்தின் இரண்டாம் பக்கம் இன்னும் எனக்கு மனப்பாடம். விபத்து இழப்பீடு போதவில்லை, மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று வந்தவர், கீழ்க்கோர்ட்டில் தானே சொன்ன வரிகள் அவை. அப்போது நான் நாமக்கல்லில் ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியர். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள இந்த மனிதருக்கு என்ன வந்தது என்று வழக்குக் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

அவர் குமாரபாளையத்துக்காரர். விசைத்தறியில் நீளவாட்டில் ஓடும் நூல் வரிசையான பாவு ஒன்று தீர்ந்தால், அதன் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்து இணைக்க வேண்டும். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் இழைகள். அதுதான் அவர் தொழில். பிணைப்புக்காரர் என்றே அவரைச் சொல்வோம். லாரி இடித்ததில் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்காமல் போயின. வேறு தொழில் தெரியாது. தொகை கூடாவிட்டால் பிழைப்பில்லை. ஆனால் கோர்ட்டோ, இரண்டு விரல்தானே, ஆளும் நலமாக இருப்பதாகச் சொல்கிறாரே என்று கொஞ்சமாகக் கொடுத்துவிட்டது.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஜட்ஜய்யா 'இப்ப எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டாருங்க அம்மிணி. அத்தாப் பெரிய மனுசரு நம்மள விசாரிக்கறப்ப, நல்லாயில்லீங்கன்னு சொன்னா மரியாதையா இருக்குமுங்களா?"

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எங்கள் பக்கத்தில் சாகக் கிடப்பவரும் அப்படித்தான் பதில் சொல்வார். இன்று என் ஜூனியர்களிடம், கட்சிக்காரரைக் கூண்டேற்றும் முன் நீங்களே நாலு தடவை நலம் விசாரித்துப் பழக்குங்கள் என்கிறேன். அன்று எனக்கு அது தெரியவில்லை.

அந்த வேலைக்கு அந்த விரல்கள் எவ்வளவு அவசியம் என்று கீழ்க்கோர்ட் பார்க்கவில்லையே என்று சொல்லி, உயர் நீதிமன்றம் வழக்கை மறு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. அனுமதி வாங்கி, நீதிபதி முன்னால் அவர் இழை பிணைத்துக் காட்டட்டும் என்று நூலைக் கோர்ட்டுக்கே கொண்டுபோனேன். "வரலைன்னா விட்டுருங்க" என்று அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

முதல் இழை நழுவியது. அடுத்ததும் நழுவியது. நீதிபதி போதும் என்றார்.

"இன்னொருக்கா பாக்கறேனுங்க சாமி."

அவர் முகத்தில் கோர்ட்டும் இல்லை, கேஸும் இல்லை. நூலை எச்சில் தொட்டு, விறைத்த கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே அழுத்தி உருட்டிக்கொண்டே இருந்தார். அவர் வக்கீலான நான், அந்த நூல் சேரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. கடைசியில் சேர்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தார், நின்றது.

"புடிச்சிருச்சுங்க அம்மிணி!"

கேஸ் போச்சு என்று மேடையைப் பார்த்தேன். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினார். ஓர் இழைக்கே இவ்வளவு நேரமானால் இந்தத் தொழிலில் இவர் இனிச் சம்பாதிக்க முடியாது என்று தீர்ப்பில் வந்தது. தொகை நாங்கள் எதிர்பார்த்ததற்கு மேலேயே கூடியது.

ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தொகையைக் கேட்கவில்லை.

"இனி என்னால முடியாதுன்னு ஜட்ஜய்யாவே எழுதிட்டாருங்களா?"

ஆமாங்க என்றேன். அப்படி எழுதச் சொல்லி வாதாடியவளே நான்தான்.