துரையின் நாற்காலிப் பக்கம்

நேற்று பதுளைக் கடைத்தெருவில் ஒரு கிராமபோன் பாடியது. எனக்குக் கேட்டதோ ஒரு பழைய இருமல்.

நான் சிறுமியாக இருந்தபோது, கோயில் கச்சேரியைப் பதிவு செய்ய அப்பா மெழுகு உருளை இயந்திரம் ஒன்று வாங்கி வந்தார். முதல் மரியாதை தோட்டத்துத் துரைக்குத்தானே! பாடகரை விட்டுத் தள்ளி, துரையின் நாற்காலிப் பக்கமே அதன் ஒலி பிடிக்கும் குழாயை வைத்தார்.

மறுநாள் பாடகரைத் தன் கடைக்கு அழைத்துப் போட்டுக் காட்டினார். துரையின் இருமல் கணீரென்று கேட்டது. லுணுகலையிலிருந்து நடந்தே வந்து பாடிய பெரியவரின் குரல் கொசுவாய் முனகியது.

"என் தொண்டை இவ்வளவு தேஞ்சு போச்சுங்களா, முதலாளி?"

குழாய் வைத்த இடம்தான் தவறென்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது; பக்கத்தில் தலை குனிந்து நின்ற எனக்கும்தான். காது சிவக்க, "வயசாகுதில்லங்க" என்றார்.

அடுத்த திருவிழாவுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டு, அப்பாவைக் கும்பிட்டுப் போனார் பெரியவர்.

நேற்றும் நான் தலை நிமிராமல்தான் கிராமபோன் பாடிய அந்தக் கடையைக் கடந்தேன்.